இரவல் கல்

வெண்டைக்காய் வாங்கும்போது நாலைந்தின் நுனியை ஒடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. ரக்ஷிதா கூடையில் இருக்கிற அத்தனையையும் ஒடித்துப் பார்க்கிற ரகம். குளிர்நகர்ச் சந்தையில் அவள் தலை தெரிந்தாலே காய்க்காரர்கள் கூடையைச் சாக்குப் போட்டு மூடிவிடுவார்கள். அப்படிப்பட்டவளை அரசாங்கம் கைச்சான்றாளராக வேலைக்கு வைத்துக்கொண்டதில் யாருக்கும் வியப்பில்லை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிற உத்தியோகம் அந்த மாவட்டத்தில் அது ஒன்றுதான்.

பங்குனி மாதத்தில் ஒரு காலை. ஒன்பது மணிக்கே நாற்பத்தைந்து டிகிரி. எருக்கலவலசில் அவள் போய் இறங்கியபோது நாய்கூடக் குரைக்கவில்லை. தொண்ணூற்றாறு குடும்பங்கள் உள்ள ஊர். அந்த ஊர்க் கிணற்றில் சில்லுக்கல் கிடைத்திருப்பதாக மனு வந்திருந்தது.

சில்லுக்கல் என்பது ஊர்வாய்ப் பெயர். அரசாங்கத் தாளில் சீதளைட். கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும். வெயிலில் போட்டு எடுத்தாலும், அடுப்பில் வைத்து எடுத்தாலும் அப்படியேதான் இருக்கும். அது வாங்குகிற வெப்பமெல்லாம் எங்கே போகிறது என்று விஞ்ஞானிகள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பொடித்துச் சுவரில் கலந்தால் மின்சாரமே இல்லாமல் வீடு குளிர்ந்துவிடும். பக்கத்து மாநிலத்தில் தோண்டி வந்த கல்லில்தான் குளிர்நகர் எழுந்தது. ஆகவே எந்த ஊர் மண்ணில் இந்தக் கல் இருக்கிறதோ அந்த ஊரைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு, ஊர்க்காரர்களுக்குக் குளிர்நகரில் வீடு கொடுப்பது என்று சட்டம் போட்டார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவனுக்கு வீடு உண்டு. வெயிலுக்கு நிலம் கொடுத்தவனுக்கு ஒன்றும் கிடையாது.

சட்டம் வந்த புதிதில் கருவி மட்டும்தான் கல்லைச் சோதித்தது. அதை ஏமாற்ற ஒரு வருடம்கூட ஆகவில்லை. சாதாரணக் கூழாங்கல்லுக்குப் பூச்சு ஏற்றிக்கொண்டு வந்தார்கள்; கருவியும் தாராளமாகப் பச்சை விளக்கு போட்டது. அதன் பிறகுதான் மனிதக் கை கட்டாயமாயிற்று. நிறம், உரசல், எடை, கடினம், கடைசியாக மூடிய கைக்குள் பத்து நிமிடம் குளிர். ஐந்தும் தேறினால் சான்றாளர் கட்டைவிரல் ரேகை வைப்பார். ஊர் இடம்பெயரும். ரேகை விழாவிட்டால் ஊர் வெயிலோடு கிடக்கும்.

போன பங்குனியில் பனங்காட்டுவலசுக்கு ரக்ஷிதாவின் ரேகை விழவில்லை. பாட்டில் கண்ணாடியை உருக்கி உருட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் கையில் மூன்றாவது நிமிடமே அது சூடேறிவிட்டது. 'போலி' என்று எழுதிவிட்டு வந்தாள்; அப்படி எழுதப்பட்ட ஊர் மறுபடி மனுப் போட முடியாது. அதற்கடுத்து வந்த கத்திரி வெயிலில் அந்த ஊரில் பதினேழு பேர் செத்துப்போனார்கள். அவள் செய்தது சரிதான், யாரும் குறை சொல்லவில்லை. சரியாகச் செய்த வேலை இத்தனை மாதம் நெஞ்சை அறுக்கும் என்று மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எருக்கலவலசுப் பஞ்சாயத்து அலுவலகத்தில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் ஊர்ப் பிரதிநிதி தர்ஷன். அறுபத்துநாலு வயது, பொக்கை வாய், தோளில் ஈரத்துண்டு. ஒரு காலத்தில் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் பளபளத்த இந்தப் பெயர்களெல்லாம் இப்போது கோல் ஊன்றி நடக்கின்றன. இன்னொருவன் சுரங்க நிறுவனத்திலிருந்து சாட்சிக்கு வந்த அகில். மார்பில் சிறு பச்சை விளக்கு மினுக்கும் குளிர்ச் சட்டை போட்டிருந்தான்.

"வாங்க மேடம்! ஜூஸ் குடிங்க. உங்களுக்காகவே ஐஸ்ல வச்சுக் கொண்டுவந்தேன்," என்றான் அகில்.

ரக்ஷிதா ஜூஸைத் தொடவில்லை. ஒரு நிறுவனக்காரன் ஜூஸ் கொடுத்தால் எதற்குக் கொடுக்கிறான் என்று கேட்காமல் குடிக்கிற ஆள் அவள் இல்லை. அடியில் தண்ணீர் கிடக்கிற நிலத்தைச் சுரங்கத்தின் பேரில் மடக்கிப்போட, நிறுவனமே கல்லைக் கொண்டுவந்து கிணற்றில் போடுவதாக ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

"கல்லை எடுங்க," என்றாள்.

தர்ஷன் மேசை மேல் ஒரு பழைய எவர்சில்வர் டிபன் டப்பாவை வைத்துத் திறந்தார். மடித்த துணிக்கு மேலே கல் இருந்தது. பெரிய எலுமிச்சம்பழ அளவு. ஒரு பக்கம் மட்டும் புதிதாக உடைத்த பளபளப்பு. அடிப்பக்கம் முழுக்கச் சிவப்பு மண் அப்பிக் காய்ந்திருந்தது.

கருவி ஒரு விநாடியில் பச்சை காட்டியது. நூற்றுக்கு நூறு.

"பிரமாதம்!" என்றான் அகில்.

நூற்றுக்கு நூறு என்றதும் ரக்ஷிதாவின் புருவம் ஏறியது. மண்ணிலிருந்து எடுத்த கல் தொண்ணூற்றெட்டு வாங்கும், தொண்ணூற்றொன்பது வாங்கும். அவள் ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் கல்லைப் பிடித்தாள். ஊறவைத்த பச்சைப்பயறின் தோல் நிறம். மெருகேற்றாத பீங்கான் தட்டில் உரசினாள். கத்தரிப்பூ நிறத்தில் மெல்லிய கோடு விழுந்தது. இந்தக் கோட்டைப் போலிக் கல்லில் வரவழைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை. வெறுமனே ஒரு முறை, தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு முறை எடை போட்டாள். தண்ணீரைப் போல மூன்றே முக்கால் மடங்கு கனம். அதுவும் சரி.

எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எந்தக் கெணத்துல எடுத்தீங்க?"

"தெக்கால கெணறுங்க மேடம். அடியில, வடக்கு மூலையில."

"வாங்க, பாக்கலாம்."

தர்ஷனுக்கு முகம் சுருங்கியது. இருந்தாலும் நடந்தார். தெற்குக் கிணறு வறண்டு, நாற்பதடி ஆழத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ரக்ஷிதா எட்டிப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை சுண்ணாம்பு வெள்ளை. ஊர் மண்ணும் அப்படித்தான். அவள் செருப்பெல்லாம் வெள்ளைப் புழுதி.

"இங்க செவப்பு மண்ணே இல்லியே. கல்லுல மட்டும் எப்படி ஒட்டுச்சு?"

"மழையில அடிச்சுக்கிட்டு வந்திருக்குமுங்க."

"மழையா? இந்த ஊருக்கா? எந்த வருசம்?"

தர்ஷன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரக்ஷிதா திரும்பி அகிலைப் பார்த்தாள். அவன் நிழலில் நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். 'இவன்தான்' என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள். 'இந்தக் கிழவரைப் பிடித்துக் காரியம் சாதிக்கிறான்.'

அலுவலகத்துக்குத் திரும்பிக் கடினச் சோதனையில் இறங்கினாள். சீதளைட் கண்ணாடியைக் கீறும். குருந்தக்கல்லிடம் கீறல் வாங்கும். குருந்த முனை பொருத்திய ஊசியால் கல்லில் மூன்று இடத்தில் அழுத்திச் சுழற்றிக் குழி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று குழியை எங்கே போடுவது என்று விதி எதுவும் சொல்லவில்லை. சக சான்றாளர்கள் கண்ட இடத்தில் போடுவார்கள். ரக்ஷிதாவுக்கு மட்டும் ஒரு வழக்கம். கல்லின் அடிப்பக்கத்தில், மேலே ஒன்று கீழே இரண்டாக, ஆய்த எழுத்துப் போலப் போடுவாள். ஆய்ந்து பார்த்த கல்லுக்கு ஆய்த எழுத்து. சின்னப் பிள்ளைத்தனம்தான். வேறு யாருக்கும் தெரியாத ஒரே விளையாட்டு அவளுடைய உத்தியோகத்தில் அதுதான்.

குழி போட இடம் வேண்டுமென்று அடிப்பக்கத்துச் சிவப்பு மண்ணை ஊசியால் சுரண்டினாள். மண் செதிலாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் மூன்று குழிகள் இருந்தன. மேலே ஒன்று. கீழே இரண்டு.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். அவளுடைய ஃ. அவளுடைய கை.

போன வருடம் தை மாதம் தொட்டிவலசில் சோதித்த கல்; அவள் ஃ போட்டதில் தேறியது அது ஒன்றுதான். ஒரு பக்கத்தை உடைத்து உருவத்தை மாற்றியிருக்கிறார்கள்; அந்தப் புது உடைப்பில் அழுக்கில்லாததால்தான் நூற்றுக்கு நூறு. கருவிக்கு அது தெரியாது. இது என்ன கல் என்று சொல்வதுதான் கருவியின் வேலை. இது எந்தக் கல் என்று அதை யாரும் கேட்டதில்லை. சோதித்த கல்லை நிலத்துக்காரரிடமே திருப்பித் தர வேண்டும் என்பது விதி. முன்னொரு காலத்தில் சான்றாளர்கள் கல்லைச் சுருட்டிக்கொண்டு போனதால் வந்த விதி அது.

அவள் எதுவும் பேசாமல் கல்லைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். பத்து நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

"அகில், உங்க சட்டை வெளக்கு செவப்பாயிருச்சு பாருங்க."

"ஐயோ, ஆமா மேடம். வண்டியில போய் பேட்டரி மாத்திட்டு வந்துடறேன். இல்லன்னா நான் வறுவல்தான்."

அவன் போன பிறகு ரக்ஷிதா கதவைச் சாத்தினாள்.

"இது தொட்டிவலசுக் கல்லு," என்றாள். "இந்தக் கையில ஏற்கெனவே இருந்த கல்லு. எவ்வளவு நாளா இந்த நிறுவனம் உங்களை வெச்சு இப்படிப் பண்ணுது?"

தர்ஷன் திகைத்துப்போய்ப் பார்த்தார். பிறகு, எதிர்பாராத விதமாக, அவருக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பக்கத்துச் சிரிப்பு.

"நிறுவனமா? அந்தப் பையனுக்கு என்னங்க தெரியும்? காயிதத்துல கல்லு இருந்தாப் போதும் அவனுக்கு. இந்த ஜில்லாவுல தோண்ட வர இன்னும் இருவது வருசம் ஆகுமாமா."

"அப்ப யாரு?"

"நாங்கதானுங்க. இது இரவல் கல்லுங்க அம்மிணி." 'மேடம்' போய் 'அம்மிணி' வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. "கண்ணாலத்துக்கு நகை இரவல் வாங்கறதில்லீங்களா? பொண்ணு கழுத்துல போட்டு, தாலி ஏறினதும் கழட்டிக் குடுத்தர்ற மாதிரி. ஒரு ஊருக்கு வீடு கெடச்சதும் அடுத்த ஊருக்குக் குடுத்துருவாங்க. மொத மொதல்ல எந்தச் சாமி கொண்டுவந்துச்சோ, எங்களுக்குத் தெரியாதுங்க. இந்த ஜில்லாவுக்கே இந்த ஒரு கல்லுதான்."

ரக்ஷிதாவுக்கு முதலில் வந்தது கோபம். பதினோரு வருட உத்தியோகத்தில் எத்தனை பேர் அவளை மடச்சி ஆக்கியிருக்கிறார்கள்!

"நான் எழுதிட்டா என்ன ஆகும் தெரியுமா? இதுவரைக்கும் போன ஊருக்கெல்லாம் வீட்டைப் பிடுங்குவாங்க."

"தெரியுமுங்க. பிடுங்கினா பனங்காட்டுவலசு மாதிரித்தான் ஆகும்."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் கை கல்லை இறுக்கியது. "அவங்க கொண்டுவந்தது பாட்டில் கண்ணாடி. இரவல் கல்லுதான் இருக்குதே, அவங்களுக்கு ஏன் குடுக்கல?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசிப்பது தர்ஷன் முகத்தில் தெரிந்தது.

"தொட்டிவலசுக்கு அடுத்த முறை அவங்களுதுதானுங்க. தை மாசமே கைக்கு வந்திருக்கோணும். நீங்கதான் சந்தேகம்னு சொல்லிக் கல்லை ஆபீசுல பூட்டி வெச்சிட்டீங்க. நூத்திச் சொச்சம் நாளு. வைகாசியிலதானுங்களே தொட்டிவலசுக்காரங்களுக்குத் திருப்பிக் குடுத்தீங்க? பனங்காட்டுவலசுக்காரங்க பங்குனி வரைக்கும் பாத்தாங்க. கத்திரி வந்துருமேன்னு பயந்துபோயி பாட்டிலை உருக்கிப்போட்டாங்க."

கடிகாரம் ஆறாவது நிமிடம் என்றது. ஆபீசில் ரக்ஷிதாவின் மேசையில் மூன்றாவது இழுப்பறை, பச்சை உறை, உறை மேல் அவள் கையெழுத்தில் 'மறுசோதனை நிலுவை'. நூறு நாளுக்கு மேல் அந்தக் கல் அங்கே கிடந்தது. அவளுக்குச் சந்தேகம் என்று எதுவும் இருந்ததில்லை. எல்லாச் சோதனையும் முதல் நாளே தேறியிருந்தது. சும்மா, மனசு கேட்காமல், வைத்திருந்தாள். எல்லா வெண்டைக்காயையும் ஒடிப்பது போல.

பதினேழு பேர். அதுவரை தொடாத ஜூஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

பழக்கம் பொல்லாதது. அப்போதும் அவள் கண் டிபன் டப்பாவை விடவில்லை. "துணிக்கு அடியில என்ன?" என்று கேட்டுக்கொண்டே இடது கையால் துணியைத் தூக்கினாள். அடியில் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள் இருந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

"அது மண்ணுங்க," என்றார் தர்ஷன், வெட்கத்தோடு. "இரவல் வாங்கின ஏனத்தை வெறுமனே திருப்பிக் குடுக்க மாட்டமுங்களே. சக்கரையோ அரிசியோ ஒரு பிடி போட்டுத்தான குடுப்போம். ஊரை விட்டுப் போறவங்ககிட்ட வேற என்ன இருக்குது? அவங்கவங்க ஊரு மண்ணை ஒரு முடிச்சு வெச்சுக் குடுப்பாங்க. அதுல ஒண்ணு அவுந்துபோயி கல்லுல ஒட்டிக்கிச்சு. கழுவியிருக்கோணும். தண்ணி எங்கிங்க இருக்குது கழுவறதுக்கு?"

சிவப்பு மண் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. நகை இரவல் வாங்குகிற ஜனங்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள். திருடர்கள் செய்ய மாட்டார்கள்.

அவள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். தொட்டிவலசின் சிவப்பு, அவிழ்ந்த நிலையில். ஒன்றில் கரிசல். ஒன்றில் கொரகொரவென்று ஓடை மணல். அடியில் கிடந்த ஒரு முடிச்சு பழையது. பச்சைக் கண்டாங்கிச் சேலையின் கிழிசல், சாயம் போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

மண் மினுங்கியது. தகடு தகடாக, மீன் செதில் மாதிரி, ஜன்னல் வெளிச்சத்தில் பளிச் பளிச்சென்று மின்னியது. நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரிந்தது. காக்காப்பொன். சோதனைக் கருவி எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. சிறுமியாக இருந்தபோது எச்சில் தொட்டு நெற்றியில் ஒட்டிக்கொண்டு ராணி வேஷம் போட்ட மண். நூறு மைல் சுற்றளவில் காக்காப்பொன் இப்படிக் கொட்டிக் கிடக்கிற ஊர் ஒன்றே ஒன்றுதான். ஊஞ்சவலசு. அவள் பிறந்த ஊர். பதினாலு வருடத்துக்கு முன்னால், அவள் கோயம்புத்தூர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, கல் கிடைத்துக் குளிர்நகருக்குப் போன ஊர்.

இடது கையால் செல்போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"சாப்புட்டியா கண்ணு?"

"அம்மா, நம்மூர்ல கல்லு எந்தக் கெணத்துல எடுத்தாங்க?"

"இப்ப எதுக்கு அது? மோர் குடி, வெயிலு."

"எந்தக் கெணறும்மா?"

குளிர்நகர் வீட்டில் அம்மா எப்போதும் போர்த்திக்கொள்ளும் சால்வை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீ எங்க இருக்கற?"

"எருக்கலவலசுல. கல்லு என் கையில இருக்குது. டப்பாவுல மண்ணு முடிச்சுக இருக்குது."

"பச்சைத் துணியில ஒண்ணு இருக்குதா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "என்ற கண்டாங்கியக் கிழிச்சு நாந்தான் கட்டினேன். உங்கப்பன் வெயிலடிச்சுச் செத்த மறு வருசம். ஊருல மிச்சம் இருந்தவங்களையாச்சும் கொண்டுபோயிச் சேத்தோணும்னு..."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல? இத்தன வருசம்!"

"உங்கிட்டயா?" என்றாள் அம்மா. "நீ வெண்டைக்காயையே விட மாட்டியே கண்ணு."

ரக்ஷிதா செல்போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. தர்ஷனுக்கு எதிரில் அழ வேண்டாமென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே தெருவில் ஈரச்சாக்குத் தொங்கவிட்ட வாசல்கள் வரிசையாகத் தெரிந்தன. கத்திரிக்கு நாற்பது நாள்கூட இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அகில் உள்ளே வந்தான். மார்பில் பச்சை விளக்கு மறுபடி மினுக்கியது. "பத்து நிமிஷம் எப்பவோ முடிஞ்சிருச்சே மேடம்! ஏதாவது சந்தேகமா?"

அவள் கையை விரித்தாள். விரல்கள் மரத்து வெளுத்திருந்தன. கல் ஐஸ் மாதிரி இருந்தது. குருந்த ஊசியை எடுத்து, பழைய மூன்று குழிகளுக்குள்ளேயே வைத்து ஒவ்வொன்றாகச் சுழற்றினாள். புதிதாக ஒரு கீறலும் விழவில்லை. படிவத்தை நிரப்பினாள். பொருள்: சீதளைட். கிடைத்த இடம்: எருக்கலவலசு, தெற்குக் கிணறு. கடைசிக் கட்டத்தில் 'சான்றாளரின் சந்தேகங்கள்' என்று இருக்கும். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அதைச் சும்மா விட்டதில்லை. இடம் போதாமல் பின்பக்கம் திருப்பி எழுதியதும் உண்டு. 'இல்லை' என்று எழுதிக் கட்டைவிரலை வைத்தாள்.

"பிரமாதம்!" என்ற அகில், நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வெளியே ஓடினான்.

ரக்ஷிதா பச்சைத் துணியை முன்பு இருந்தது போலவே முடிந்து டப்பாவுக்குள் வைத்தாள். அதன் மேல் துணி, துணி மேல் கல். மூடி போட்டு, அன்றைக்கே, அந்த இடத்திலேயே, தர்ஷனிடம் நீட்டினாள்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அடுத்து எந்த ஊருக்குப் போகுது?" என்று கேட்டாள். நிஜமாகவே உதவிக்குத்தான் கேட்டாள். தெரிந்தால் அந்த ஊரின் மனுவை முன்னால் தள்ளி வைக்கலாம் என்று நினைத்தாள்.

தர்ஷன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையை ரக்ஷிதா நன்றாக அறிவாள். தினமும் அவள் மற்றவர்களைப் பார்க்கிற பார்வைதான்.

"அதை மட்டும் கேக்காதீங்க மேடம்," என்றார்.